பிமல் ராயின் திரைப்படங்களில் அவலச்சுவை

பழைய கலைகளோடு ஒப்பிடுமிடத்துத் திரைப்படம் வயதால் மிக இளையது. எனினும் கண்ணீர் வருவிக்கும் தொழிலில் அது மூத்த கலைகள் பலவற்றையும் விஞ்சிவிட்டது. தாய் மகனைப் பிரிதல், காதலர் தடையுற்று வாடுதல், நல்லோர் நலிதல் ஆகிய நிகழ்ச்சிகளை அடுக்கி, இசையால் அவற்றை உரப்படுத்தி, பார்ப்போரின் கைக்குட்டையை நனைப்பதே படத்தின் பயன் எனக் கருதிய நெறியாளர் பலர். அழுதோர் தொகை கொண்டே படத்தின் தரத்தை அளக்கும் வழக்கமும் இதனால் வளர்ந்தது. ஆயின், கண்ணீர் வந்தமை ஒன்றே கலையின் வெற்றியாகுமா? வெங்காயம் உரிப்போனும் கண்ணீர் வடிக்கின்றான். அழுகை எதன் பொருட்டு எழுந்தது, எழுந்த அழுகை பார்ப்போன் உள்ளத்தில் எதனை விட்டுச் சென்றது என்பனவே கலையை அளக்கும் கோல்களாம்.

இவ்வினாவைத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே எழுப்பியுள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகையைப் பொதுப்பட மொழிந்து அமையாது, அது தோன்றும் நிலைக்களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்துள்ளார். பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ பறிகொடுத்தல் இழவு. பண்டை நிலை கெட்டு வேறொரு நிலையடைந்து வருந்துதல் அசைவு. துய்க்க வேண்டியன துய்க்கப் பெறாமை வறுமை. வடநாட்டுத் திரைப்பட நெறியாளர் ஒருவரை ஆராய்தற்குத் தமிழிலக்கணம் துணையாகுமோ என ஐயுறுவார் உளராயின், அந்நெறியாளரின் படங்களே அவ்வையத்தைத் தீர்க்கும். ஹிந்தித் திரையுலகில் 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் பெரும்புகழ் எய்திய பிமல் ராய், அழுகையின் இந்நான்கு நிலைக்களன்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்த கலைஞர் எனலாம். அவர்தம் சிறந்த படங்களை வெளிவந்த முறையில் வைத்து நோக்கின், அவலம் புறத்திலிருந்து அகத்தை நோக்கி நகர்ந்து செல்வதைக் காணலாம். அந்நகர்ச்சியில் அவர் வென்ற இடங்களும் உண்டு. தளர்ந்த இடமும் உண்டு. அவ்விரண்டையும் நடுநின்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பிமல் ராய் 1909ஆம் ஆண்டு, அக்காலத்துக் கிழக்கு வங்காளத்தின் டாக்கா மாவட்டத்திலுள்ள சுவாபூர் என்னும் ஊரில் நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்தார். பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, பி. என். சர்க்கார் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் படநிலையத்திலே கமராத் துறையில் உதவியாளராய்ச் சேர்ந்தார். நிதின் போஸ் போன்ற வல்லுநரிடம் தொழில் பயின்று, பி. சி. பரூவா நெறிப்படுத்திய தேவதாஸ் படத்தின் 1935ஆம் ஆண்டு ஹிந்தி வடிவத்துக்கும், 1937இல் வெளிவந்த முக்திக்கும் ஒளிப்பதிவாளராய் விளங்கினார். நிலவுடைமையாளர் குடியிற் பிறந்த ஒருவர், பிற்காலத்தில் நிலமிழந்த உழவனின் கதையைத் திரையில் வடித்தார் என்பது கருதத்தக்கது. அதனினும் கருதத்தக்கது அவர் நெறியாளர் ஆகுமுன் ஒளிப்பதிவாளராக இருந்தமை. நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தோர் வசனத்தை நம்பினர். அவரோ ஒளியை நம்பினார். ஒரு முகத்தின்மீது வெளிச்சம் எங்ஙனம் விழுகின்றது, எக்கணத்தில் அம்முகம் இருளுட் பின்வாங்குகின்றது என்பனவற்றாலேயே உள்ளக்கருத்தை உணர்த்தலாம் என்ற தெளிவு அவருக்குத் தொழிலோடு வாய்த்தது.

அவருடைய முதற் பெரும்படம் 1944இல் வங்காள மொழியில் வெளிவந்த உதயேர் பதே ஆகும். ஹம்ராஹி என்னும் பெயரால் அது ஹிந்தியிலும் எடுக்கப்பட்டது. வறிய எழுத்தாளன் ஒருவனின் உழைப்பைச் செல்வன் ஒருவன் தன் பெயராற் கவர்ந்துகொள்வதும், அவ்வெழுத்தாளனின் தங்கைமீது செல்வர் மாளிகையிலே திருட்டுப் பழி சுமத்தப்படுவதும், அம்மாளிகையைச் சேர்ந்த பெண்ணே ஈற்றிற் செல்வத்தைத் துறந்து அவனோடு செல்வதும் அதன் கதைப்போக்காம். பிற்காலத்தில் இந்தியாவின் நாட்டுக் கீதமாக 1950இல் ஏற்கப்பட்ட தாகூரின் பாடல் அதற்கு முன்னரே இப்படத்தில் இடம்பெற்றது. படத்தில் உரையாடல் மிகுதி; கொள்கை முழக்கமும் மிகுதி. எனினும் இளிவு என்னும் நிலைக்களன் முதன்முதலில் அவருக்கு அகப்பட்டது இங்கேயாம். பொருளால் எளியவனை மானத்தாலும் எளியவனாக்கச் சமூகம் முயலும் கொடுமையை அவர் பின்னர் ஒருபோதும் மறந்தாரல்லர்.

1947ஆம் ஆண்டின் பிரிவினையால் வங்காளப் படவுலகம் தன் சந்தையிற் பெரும்பகுதியை இழந்தது. நியூ தியேட்டர்ஸும் நலிவுற்றது. பிமல் ராய் பம்பாய்க்கு இடம்பெயர்ந்து, பம்பாய் டாக்கீஸுக்காக 1952இல் மா என்ற படத்தை நெறிப்படுத்தினார். அவர் தனித்துச் சென்றாரல்லர். படத்தொகுப்பாளர் ஹிரிஷிகேஷ் முகர்ஜி, எழுத்தாளர் நபேந்து கோஷ் முதலியோரும் அவரோடு சென்றனர். இசையமைப்பாளர் சலில் சவுத்ரி பின்னர் வந்து சேர்ந்தார். 1952இன் தொடக்கத்தில் இந்தியாவின் முதலாவது அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் நிகழ்ந்தது. இத்தாலிய நெறியாளர் டி சிக்காவின் சைக்கிள் திருடர் படத்தை அவ்விழாவிற் கண்ட இக்குழுவினர், படநிலையத்தின் செயற்கைச் சுவர்களை விட்டுத் தெருவில் இறங்கவும் ஒரு கலை உண்டு என்பதை உணர்ந்தனர். அவ்வுணர்வின் விளைவே 1953இல் வெளிவந்த தோ பீகா ஜமீன்.

இரண்டு பீகா நிலம் என்பது இப்பெயரின் பொருள். வங்காளத்து அளவையின்படி அது ஓர் ஏக்கரில் மூன்றிலிரண்டு பங்கு அளவினது. பெயர் தாகூரின் கவிதையொன்றை நினைவூட்டுவது; கதை சலில் சவுத்ரியினுடையது. சம்பு என்னும் உழவனிடம் உள்ள நிலம் இவ்வளவே. ஆலை கட்டுவதற்கு அந்நிலத்தை ஜமீந்தார் விரும்புகின்றார். சம்பு மறுக்கவே பழைய கடன் கேட்கப்படுகின்றது. அறுபத்தைந்து ரூபாயென அவன் எண்ணியிருந்த கடன், கணக்குப் புத்தகத்தில் 235 ரூபாயாக வளர்ந்து நிற்கின்றது. எழுத்தறியாதவனின் கைநாட்டு அவனுக்கே பகையாகின்றது. மூன்று மாதத் தவணைக்குள் பணந்தேட அவன் கல்கத்தாவுக்குச் சென்று ரிக்‌ஷா இழுக்கின்றான். மகன் கன்னையா தெருவிலே சப்பாத்துத் துடைக்கின்றான். மனைவி அவர்களைத் தேடிவந்து விபத்துக்குள்ளாகின்றாள். நிலத்துக்காகச் சேர்த்த பணம் அவளுயிரைக் காப்பதிற் கரைகின்றது. நிலம் ஏலம் போகின்றது.

வறுமையும் இழவும் இக்கதையின் நிலைக்களன்கள் என்பது வெளிப்படை. இவற்றை நெறியாளர் கையாண்ட முறையே ஆராயத்தக்கது. சம்பு வறியவனாகத் திரையில் தோன்றவில்லை. மழை பெய்ததும் ஊராரோடு ஆடிப்பாடும் உழவனாகவே முதலில் தோன்றுகின்றான். துய்த்தற்கு உரியவன் துய்க்கப் பெறாமையே வறுமை என்ற உண்மை இதனால் விளக்கமுறுகின்றது. ஏழை என்பவன் ஓர் இனத்தானல்லன்; ஏழையாக்கப்பட்டவன் என்பதைப் படம் சொல்லாமற் சொல்கின்றது. நகரத்திலே பயணி ஒருவன் மேலும் விரைவாக ஓடும்படி சம்புவை ஏவுகின்றான். ஏவுவோனுக்கு அது விளையாட்டு. ஓடுவோனுக்கு அது கூலி. குதிரைக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள வேற்றுமை அழிந்தொழியும் அக்காட்சியில் வசனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சக்கரம் கழன்று அவன் வீழும்போது பார்ப்போன் தன்னையறியாமலே அந்தப் பயணியின் இருக்கையில் தான் அமர்ந்திருந்ததை உணர்கின்றான்.

சம்புவாக நடித்தவர் பால்ராஜ் சாஹ்னி. சாந்திநிகேதனில் ஆசிரியராகவும் இலண்டன் பி.பி.சி. வானொலியிற் பணியாளராகவும் இருந்த கல்விமான் அவர். இவ்வேடத்துக்காகக் கல்கத்தாத் தெருக்களில் ரிக்‌ஷா இழுத்துப் பழகினார். அவ்வேளையில் உண்மை ரிக்‌ஷாத் தொழிலாளி ஒருவன் கதையை வினவியறிந்து, அது தன்னுடைய கதையே என்று கண்ணீர் விட்டதாக அவர் பின்னர் எழுதியுள்ளார். கலைக்கு இதனினும் மேலான சான்றிதழ் கிடைத்தல் அரிது. 1954ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் கிடைத்த அனைத்துலகப் பரிசும் இதற்கு அடுத்ததேயாம்.

படத்தின் ஈற்றுக்காட்சி தனித்து நோக்கற்பாலது. குடும்பம் ஊர் திரும்புகின்றது. வயலிருந்த இடத்தில் ஆலை எழுந்துகொண்டிருக்கின்றது. வேலிக்கு அப்பால் நின்ற சம்பு குனிந்து ஒருபிடி மண்ணை அள்ளுகின்றான். காவலன் அவனைக் கள்வனென ஐயுற்றுக் கைவிரிக்கச் செய்கின்றான். மண் கீழே வீழ்கின்றது. குடும்பம் நடந்து செல்கின்றது. தன் மண்ணிற் பிடியளவுகூடத் தன்னதன்று என்றாகும் அக்கணத்தில் இழவும் இளிவும் ஒன்றாகின்றன. இங்கே நெறியாளர் ஆறுதல் கூறினாரல்லர். ஜமீந்தாருக்குத் தண்டனையும் வழங்கினாரல்லர். வழங்கியிருந்தால் பார்ப்போன் மனநிறைவோடு வீடு சென்று உறங்கியிருப்பான். நீதி திரையிலே கிடைத்துவிடின் வெளியே அதனைத் தேடவேண்டிய கடமை இல்லாது போகும். அந்தக் கடமையைப் பார்ப்போனிடமே விட்டமையே இப்படத்தின் பெருமை.

இதனையடுத்துச் சரத் சந்திரரின் நாவல்கள் மூன்றினை அவர் படமாக்கினார். 1953இல் பரிணீதாவும், 1954இல் பிராஜ் பஹுவும், 1955இல் தேவதாஸும் வெளிவந்தன. முன்னைய இரண்டும் இல்லறத்தின் உள்முற்றத்தை இனிமையுறக் காட்டுவன. மூன்றாவதே பேசத்தக்கது. தேவதாஸின் கதை, 1953இல் நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்த படத்தின் வாயிலாகத் தமிழ் மக்களுக்கும் நன்கு அறிமுகமானது. தமிழர் அக்கதையிலே பெரும்பாலும் காதல் தோல்வியையே கண்டனர். இருபதாண்டுகளுக்கு முன்னர் அதே கதையை ஒளிப்பதிவு செய்த பிமல் ராய், அதனைத் தாமே நெறிப்படுத்தியபோது வேறொன்றைக் கண்டார். குலப்பெருமைக்கு அஞ்சிய இளைஞன் ஒருவன், தன் கோழைமையாற் பெண்கள் இருவருடைய வாழ்வுக்கும் துயர் விளைத்தான் என்பதே அது. திலீப் குமாரின் தேவதாஸ் நம் இரக்கத்தைப் பெறுகின்றான். நம் ஒப்புதலைப் பெறுகின்றானில்லை.

சுசித்திரா சென் பார்வதியாகவும், தமிழ்த் திரையில் 1949ஆம் ஆண்டு வாழ்க்கை என்னும் படத்தால் அறிமுகமான வைஜயந்திமாலா சந்திரமுகியாகவும் நடித்தனர். ஒருத்தி பல்லக்கிற் செல்ல மற்றவள் நடந்து வர, இருவரும் வழியில் ஒருவரையொருவர் நோக்கிச் சொல்லொன்றும் இன்றிக் கடந்து செல்லும் காட்சி இப்படத்தின் உயிர்நிலை. இருவரும் ஒருவனையே நேசிப்பவர். குலம் ஒருத்தியைப் பல்லக்கில் ஏற்றியும் மற்றவளைத் தெருவில் நிறுத்தியும் வைத்துள்ளது. துயரோ இருவரையும் ஒரே மட்டத்தில் நிறுத்திவிடுகின்றது. தமக்கு வழங்கப்பட்ட துணைநடிகைக்கான பிலிம்பேர் பரிசை, சந்திரமுகியும் பார்வதிக்கு நிகரான தலைமைப் பாத்திரமே என்று கூறி வைஜயந்திமாலா ஏற்க மறுத்தார். அக்காட்சியை ஊன்றி நோக்குவார் அவர் கூற்றை மறுத்தல் அரிது.

தேவதாஸ் புகழை ஈட்டிய அளவு பொருளை ஈட்டவில்லை. தம் பெயராலான படநிறுவனத்தையும் தம்மை நம்பிய குழுவினரையும் காக்கவேண்டிய நிலையில் பிமல் ராய், 1958இல் மதுமதியை அளித்தார். ரித்விக் கட்டக் எழுதிய மறுபிறப்புக் கதை அது. சலில் சவுத்ரியின் இசை நாடெங்கும் பரவியது. பிலிம்பேர் பரிசுகள் ஒன்பது அதற்குக் கிடைத்தன. மூடுபனியும் மலைச்சாரலும் கலந்த அதன் ஒளியழகு இன்றும் போற்றத்தக்கது. ஆயினும் முற்பிறப்பில் இழந்தது மறுபிறப்பில் எய்தப்படும் என்ற அமைப்பு, இழவின் கூர்மையை மழுங்கச் செய்கின்றது. சம்புவுக்கு மறுக்கப்பட்ட ஆறுதல் மதுமதிக்குத் தாராளமாக வழங்கப்படுகின்றது. மலைவாழ் மக்களை நசுக்கும் நிலக்கிழான் ஒருவன் இக்கதையிலும் வருகின்றான் என்பது, பொழுதுபோக்கின் நடுவிலும் நெறியாளர் தம் பழைய வழக்கை முற்றக் கைவிட்டாரல்லர் என்பதற்கு அடையாளமாம்.

1959இல் வெளிவந்த சுஜாதா அவர் கலைவாழ்வின் நடுநாயகமானது. அவர்தம் குறையும் நிறையும் ஒருங்கே விளங்குமிடமும் அதுவே. சுபோத் கோஷ் எழுதிய கதை. தீண்டத்தகாதோர் எனப்பட்ட குலத்திற் பிறந்து பெற்றோரை இழந்த குழந்தையொன்று, பொறியியலாளர் உபேனின் வீட்டில் வளர்கின்றது. உபேனின் மனைவி சாரு அதனை வெறுத்தாளல்லள். உணவு தருகின்றாள், உடை தருகின்றாள், நோயுற்றபோது அருகிருக்கின்றாள். ஆயின் விருந்தினர் வினவும்போது, அவள் எங்கள் மகள் போன்றவள் என்கின்றாள். மகள் என்று சொல்ல நா எழவில்லை. தன் வயிற்றிற் பிறந்த ரமா கல்லூரி சென்று பட்டம் பெறுகின்றாள். சுஜாதா வீட்டுவேலையும் பூஞ்செடியும் பேணுகின்றாள். அடியும் வசையும் இன்றியே ஓருயிரை இளிவுபடுத்த இயலும் என்பதை, போன்றவள் என்ற ஒரு சொல்லால் உணர்த்தியமை இந்தியத் திரைப்படத்தின் அரிய சாதனைகளுள் ஒன்றெனலாம். சாதி வேற்றுமையின் கொடிய வடிவங்களைக் கண்டிப்பார் பலர். அன்பின் உடைதரித்து வீட்டினுள்ளேயே உலவும் அதன் மெல்லிய வடிவத்தைக் கண்டுகொள்வார் மிகச் சிலர். சாதி வேரூன்றிய எச்சமூகத்து மக்களும் சாருவின் முகத்திலே தம் வீட்டார் முகத்தைக் காண்பர்.

சுஜாதாவாக நடித்த நூதன், பேச்சினும் கேட்டலாலேயே பாத்திரத்தைப் புலப்படுத்தினார். அதீர் என்னும் பிராமண இளைஞன் தொலைபேசியிலே பாட, மறுமுனையில் அவள் ஒன்றும் பேசாது கேட்டு நிற்கும் காட்சி பலரறிந்தது. காதற்பாட்டென்றால் இருவர் சோலையில் ஓடியாடல் என்றிருந்த காலத்தில், பாடுவோனைவிடக் கேட்போளின் முகமே முதன்மை பெற்றது. மகிழ்ச்சியும் அச்சமும், தனக்கு இது தகாது என்று கற்பிக்கப்பட்ட தாழ்வுணர்ச்சியும் அம்முகத்தில் மாறிமாறி எழுகின்றன. ஒளிப்பதிவாளராகப் பயின்ற நெறியாளரின் பயிற்சி பழுத்துக் கனிந்த இடம் இது.

இனிக் குறை கூறுமிடத்துத் தயங்கலாகாது. படிக்கட்டில் வீழ்ந்து சாரு உயிருக்குப் போராடுகின்றாள். அவளுக்குப் பொருந்திய இரத்தம் சுஜாதாவிடம் மட்டுமே உள்ளது. அதனைப் பெற்றுப் பிழைத்தெழுந்த சாரு அவளை மகளென ஏற்கின்றாள். இரத்தத்துக்குச் சாதியில்லை என்ற அறிவியல் உண்மையை எளியோரும் உணரக் காட்டுதல் நெறியாளரின் கருத்தாகும். அக்கருத்து நன்றே. ஆயின், சுஜாதாவின் இரத்தம் பொருந்தாதிருந்தால் என்னாகும் என்ற வினாவுக்குப் படத்தில் விடையில்லை. மகளென்னும் உரிமை, உயிர்காத்த உதவிக்குக் கைம்மாறாகக் கிடைத்ததாயின், உதவ வாய்ப்பில்லாதோர்க்கு அவ்வுரிமை இல்லையென்றாகும். உயர்ந்தோர் எனப்படுவோரின் பிள்ளை பிறந்தமையாலேயே பிள்ளையாக, தாழ்ந்தோர் எனப்படுவோரின் பிள்ளை தியாகத்தால் அதனை ஈட்டவேண்டுமென்பது நீதியாகாது. இந்திய அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது 1950இல். அதனைக் குற்றமாக்கிய சட்டம் நிறைவேறியது 1955இல். சட்டம் நிபந்தனையின்றி வழங்கியதைக் கதை நிபந்தனையோடு வழங்கியது.

எனினும் இக்குறையை நிரப்பும் இழையொன்று இப்படத்திலேயே உண்டு. அதீர் சுஜாதாவிடம் எந்தச் சான்றும் கேட்டானல்லன். பாட்டியின் சினத்தையும் உறவையும் பொருட்படுத்தாது, அவள் பிறப்பை அறிந்தபின்னரும் அவளையே மணப்பதென்று முன்னரே துணிந்துவிட்டான். சாருவின் மனமாற்றம் கருணையின் விளைவு. அதீரின் துணிவு நீதியின் விளைவு. கதையின் முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பை இரண்டாவதற்கு அளித்திருப்பின், சுஜாதா குறைவற்ற படைப்பாகியிருக்கும்.

1960இல் வெளிவந்த பரக் ஊர்த் தேர்தலையும் பெரியமனிதரின் போலித் தொண்டையும் எள்ளி நகையாடுவது. அவலத்தையே பாடிய கலைஞருக்கு நகைச்சுவையும் கைவந்தமைக்கு அது சான்றாகும் என்பதோடு அமையலாம்.

1963இல் வெளிவந்த பந்தினியே அவர்தம் பயணத்தின் முடிவும் முடியும் ஆகும். சிறை அதிகாரியாய்ப் பணிபுரிந்து, ஜராசந்தர் என்னும் புனைபெயரில் எழுதிய சாரு சந்திர சக்கரவர்த்தியின் வங்காள நாவல் அதற்கு மூலம். காலம் சுதந்திரத்துக்கு முற்பட்ட 1930கள். அஞ்சலகத் தலைவரின் மகளான கல்யாணி, ஊரிலே காவலில் வைக்கப்பட்டிருந்த விடுதலை வீரன் பிகாஷை நேசிக்கின்றாள். திரும்பி வருவேன் என்று சென்றவன் வேறொருத்தியை மணந்தான் என்ற செய்தியே திரும்பி வருகின்றது. ஊர்ப்பழிக்கு அஞ்சி நகரஞ்சென்று மருத்துவமனையிற் பணிப்பெண்ணாகின்றாள். அவளைத் தேடிவந்த தந்தை விபத்தில் இறக்கின்றார். அதே நாளில், ஓயாது தன்னைத் துன்புறுத்தும் நோயாளியே பிகாஷின் மனைவி என அறிகின்றாள். நஞ்சூட்டிக் கொல்கின்றாள். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு சிறைபுகுகின்றாள்.

சம்புவுக்குத் தீங்கிழைத்தோர் பிறர். சுஜாதாவை இளிவுபடுத்தியோரும் பிறரே. கல்யாணியின் நிலை வேறு. உலகம் அவளுக்குத் தீங்கிழைத்தது, அவளும் தீங்கிழைத்தாள். குற்றமற்றோர்க்கு இரங்குதல் எளிது. குற்றம் புரிந்தோர்க்கு, அக்குற்றத்தைக் குற்றமன்றென மழுப்பாமல், இரங்கச் செய்தல் அரிதினும் அரிது. பண்டை நிலை கெட்டு வேறொருத்தியாகிவிட்ட தன்னைத் தானே கண்டு வருந்தும் இந்நிலையே அசைவு என்னும் நிலைக்களனாம். தோ பீகா ஜமீனிலே வயலில் நிகழ்ந்த அவலம் இங்கே நெஞ்சினுள் நிகழ்கின்றது.

கொலைக்காட்சியை நெறியாளர் அமைத்த திறம் இதற்குச் சான்று. கல்யாணி தனித்து நிற்கின்றாள். வெளியே இரும்புவேலை செய்வோரின் சம்மட்டியொலி இடைவிடாது கேட்கின்றது. உருக்கி ஒட்டும் கருவியின் தீயொளி அவள் முகத்தில் வெட்டிவெட்டி மறைகின்றது. அவள் ஒன்றும் பேசவில்லை. முகமும் பெரிதும் அசையவில்லை. ஒளியும் இருளுமே அவளுக்காகப் போராடுகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தின் இயல்பான எல்லையே இங்கே பொருளாழமாகிவிட்டது. சிறையினுள் நள்ளிரவிலே காவலன் எல்லாம் நலம் என்று கூவுவதும் இவ்வாறே பொருள்பெறுகின்றது. நலமென்பதொன்று எங்குமில்லாத இடத்தில் அக்குரல் கேட்குந்தோறும், ஆள்வோர் தரும் உறுதிமொழிகளின் வெறுமை புலப்படுகின்றது. மாவரைக்கும் பெண்கைதிகள் பிறந்தகத்தை நினைந்து பாடும் பாட்டும் கதையை நிறுத்தி வைக்கும் பாட்டன்று; கதை சொல்லாத பல கதைகளை ஒருங்கே சொல்லிவிடும் பாட்டு.

பந்தினியின் முடிவுபற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. விடுதலை பெற்ற கல்யாணிக்குச் சிறை வைத்தியர் தேவேனோடு நல்வாழ்வு காத்திருக்கின்றது. செல்லும் வழியில் நோயுற்ற பிகாஷைக் காண்கின்றாள். கட்சியின் கட்டளைக்காகவே அவன் அத்திருமணத்தைச் செய்தான் என்பதையும் அறிகின்றாள். ஈற்றில் தேவேனை நாடாது பிகாஷின் கப்பலை நோக்கி ஓடுகின்றாள். கைவிட்டவனிடமே பெண்ணை மீளச் செய்தமையால் நெறியாளர் பழமைக்குப் பணிந்தார் என்பர் ஒருசாரார். இக்கூற்றிலே உண்மை இல்லாமலில்லை. கட்சியின் பெயரால் பிகாஷ் செய்தது தவறென்று படம் போதிய அளவு வற்புறுத்தவில்லை. ஆயின், படத்தின் பெயர் பந்தினி, அதாவது கட்டுண்டவள், என்பதை மறத்தலாகாது. சிறைக்கதவு திறந்தபின்னும் கட்டு அறவில்லை. தேவேனின் வீட்டிலே அவள் பிறர் பொறுத்தருளிய குற்றவாளியாக என்றும் வாழ்தல் வேண்டும். பிகாஷோ அவள் குற்றத்தில் தானும் ஒரு பங்குடையவன். அவனிடம் செல்லுதல் இன்பத்தை நாடிச் செல்லுதலன்று. தன் இறந்தகாலத்தை எதிர்கொள்ளச் செல்லுதல். அதுவே சரியான தெரிவென்று படம் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆறும் கப்பலும் ஓடுபவளும் கண்முன் நிற்க, தீர்ப்பு பார்ப்போனுக்கு விடப்படுகின்றது. சம்புவின் கையிலிருந்து மண் வீழ்ந்தபோது விடப்பட்ட வினாவைப் போன்றதே இதுவும்.

பிமல் ராயின் மாந்தர் பொறுமையாய்த் துன்புறுவர், எதிர்த்தெழுவதில்லை, ஆதலின் அவர் கலை மாற்றத்துக்கு உதவாது என்பதொரு குற்றச்சாட்டு. சம்பு ஆலையை எரிக்கவில்லை; சுஜாதா வீட்டைவிட்டு வெளியேறவில்லை என்பது மெய்யே. எனினும், துன்பத்தைக் காட்டுதல் வேறு, துன்பத்தை ஏற்கச் செய்தல் வேறு. விதியே காரணமென்று காட்டும் கலை ஏற்கச் செய்கின்றது. கணக்குப் புத்தகமும் கைநாட்டும் போன்றவள் என்ற சொல்லும் காரணமென்று காட்டும் கலை, ஏற்க மறுக்கக் கற்பிக்கின்றது. காரணத்தைப் பெயர் சொல்லிச் சுட்டியவிடத்து அவர் கருணை நீதியின் வாயிலாயிற்று. மறுபிறப்பாலோ இரத்தத்தாலோ கதை தானே விடையளிக்க விரைந்தவிடத்து அக்கருணை வெறும் ஆறுதலாய் நின்றுவிட்டது. அவருடைய படங்களைத் தரம்பிரித்தற்கு இதுவே பொருத்தமான அளவுகோலாம்.

1953 முதல் 1963 வரையிலான பதினோராண்டுக் காலப் படங்களுக்காகச் சிறந்த நெறியாளருக்கான பிலிம்பேர் பரிசை ஏழு முறை பெற்ற பிமல் ராய், கும்பமேளாவைப் பின்னணியாகக் கொண்ட சமரேஷ் பாசுவின் நாவலைப் படமாக்கும் எண்ணம் நிறைவேறாத நிலையில், 1966 ஜனவரியில் ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்றது படங்களை மட்டுமன்று. ஒரு பள்ளியையும் விட்டுச்சென்றார். அவரிடம் படத்தொகுப்பாளராயிருந்த ஹிரிஷிகேஷ் முகர்ஜி 1971இல் ஆனந்த் என்னும் படத்தைத் தந்தார். பந்தினியில் முதற்பாட்டு எழுதி அவருக்கு உதவியாளராயிருந்த குல்சார் பின்னர் சிறந்த நெறியாளராய் விளங்கினார். உரக்கப் பேசாது உள்ளத்தைத் தொடும் மரபு ஹிந்தித் திரையில் அவர்களால் தொடர்ந்தது.

அழுகைக்கு நான்கு நிலைக்களன் வகுத்த இலக்கணம், அவ்வழுகைக்குப் பின் என் செய்வது என்று கூறவில்லை. அது கேட்போனின் பண்பைப் பொறுத்தது. பிமல் ராயின் சிறந்த படங்களும் அவ்வளவிலேயே நின்றுவிடுகின்றன. விளக்குகள் மீண்டும் எரிந்து அரங்கு வெறுமையாகும்போது, வேலிக்கு வெளியே நிற்கும் சம்புவும் வாயிலண்டை நிற்கும் சுஜாதாவும் திரையை விட்டிறங்கிப் பார்ப்போனோடு தெருவரை வருகின்றனர். அவர்களை உடனழைத்துச் செல்வதோ வழியிலே விட்டுச் செல்வதோ அவனவன் கடன்.